கிணற்று நிறம்

பிலோமினாவின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த மிளகளவு கல்லை ஓவியர் தமயந்தி நுண்ணோக்கியில் படம்பிடித்து, கண்காட்சியில் சுவரளவுக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தாள். கல்லின் வளையங்களைப் படித்து, எந்தத் தண்ணீரால் வளர்ந்தது என்று சொன்னவர் கல்லியல் ஆய்வாளர் தேவசகாயம்.

"வெளியில தெரியிற சாம்பல் வளையமெல்லாம் இப்ப குடிக்கிற, ஆலையில சுத்திகரிச்ச தண்ணிம்மா. எல்லா ஊருக்கும் ஒரே நிறந்தான். நடுவுல இருக்கிற செம்பொன் நிறம் மட்டும் ஏதோ கிணறு."

எந்தக் கிணறென்று பிலோமினாவுக்குத் தெரியும். கல்யாணமாகிப் போன தூத்துக்குடி வீட்டுக் கிணறு. அந்தத் தெருவையே கடல் கொண்டுபோய்விட்டது.

"அந்தத் தண்ணிய அப்படியே செஞ்சு தர முடியுமாய்யா?"

"முடியும். கல்லுல இருக்கிற உப்பப் பாத்து அதே மாதிரி கலந்துரலாம். ஆனா கல்லு வந்ததே அதனாலதானம்மா. திரும்ப வலி வந்தா?"

"ஒரு தம்ளர் போதும்யா."

மறுவாரம் குப்பி வந்தது. தம்ளரில் ஊற்றி ஒரு மடக்குக் குடித்தாள். அதே கரிப்பு. தம்ளரைக் கணவர் சேவியரிடம் நீட்டினாள். அந்த வீட்டில் குடியிருந்த வரை அந்தக் கிணற்றைத் திட்டாமல் அவர் ஒருநாளும் குளித்ததில்லை.

வாயில் வைத்ததும் முகத்தைச் சுளித்தார்.

"சோப்பு நுரைக்காத தண்ணியில்லா இது!"

சொல்லிவிட்டுக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். பிறகு தம்ளரைத் துடைத்தபடி மெதுவாகக் கேட்டார்.

"இன்னும் இருக்கா, பிலோ?"