பத்தி நம்பர்

ஆபிதா வேலையே செய்யறதில்லைன்னு வக்கீலிடம் போட்டுக்கொடுத்தது நான்தான்.

பம்பாய் மாட்டுங்காவில் வக்கீல் வேங்கடசுப்ரமணியன் ஆபீஸில் நாங்கள் ரெண்டு பேர் டைப்பிஸ்ட். எனக்கு இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ், அவளுக்கு எட்டே மாசம். ஆளுக்கொரு கம்ப்யூட்டர் வந்து இறங்கினதிலிருந்து, இனி ஒரு ஆள் போதும் என்கிற பேச்சு அடிபட்டுக்கொண்டே இருந்தது. தாராவியில் குடும்பத்தை வைத்துக்கொண்டு நான் வேறெங்கே போக?

கோர்ட்டுக்குப் போகிற மனுவில் பத்திக்குப் பத்தி நம்பர் இருக்கணும். வக்கீலோ கடைசி நேரத்தில் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் புதுசா ஒரு பத்தியைச் செருகுவார். நான் எட்டை ஒன்பதாக்கி, ஒன்பதைப் பத்தாக்கி, அறுபது வரைக்கும் கையாலேயே மாத்துவேன். எப்படியும் இருபத்திமூணு ரெண்டு தடவை வந்துவிடும்.

ஆபிதா என்னமோ ரெண்டு பட்டனைத் தட்டுவாள். மேக்ரோங்கிற குட்டி ப்ரோகிராமாம், அவளே எழுதினதாம். நம்பரெல்லாம் தானாக மாறும், மகாராணி சாயா குடித்துக்கொண்டிருப்பாள். நாலரைக்கெல்லாம் பஸ் பிடித்து சுனாபட்டியில் வீட்டுக்குப் போய்விடுவாள்.

"காட்டித்தாரேன் அண்ணாச்சி, லேசுதான்" என்று ஒரு நாள் பக்கத்தில் வந்தாள். நேற்று வந்தவள் எனக்குப் பாடம் எடுக்கவா? பொத்துக்கொண்டு வந்தது கோபம். உன் சோலியைப் பாரு என்று விரட்டிவிட்டேன்.

அதே எரிச்சலில் வக்கீல் ரூமுக்குப் போனேன். மெஷின்தான் வேலை செய்யுது, அந்தப் பொண்ணு சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குது, ஆளைக் குறைக்கணும்னா அவளைக் குறைங்க என்று ஒப்பித்தேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"கணேசபாண்டியன், போன மாசமே உங்களை நிறுத்தறதா இருந்தேன். ஆபிதாதான் வந்து, அந்த மேக்ரோவை எழுதினதே அண்ணாச்சிதான் சார், அவர் போயிட்டா அதைச் சரிபண்ண ஆளில்லேன்னு சொன்னா."

வெளியே அவள் டைப் அடிக்கிற சத்தம் கேட்டது. சீ, நானும் ஒரு மனுஷனா என்றிருந்தது.

"நீங்க சொல்றதும் சரிதான். ஒருத்தர் போதும்னா, எழுதினவரே இருக்கட்டும். அவளை நிறுத்திடறேன்" என்றவர், என்னை நிமிர்ந்து பார்த்தார். "எழுதினது நீங்கதானே?"

"ஆமா சார்" என்றேன்.