பேஸ் நிற்கவில்லை

பாட்டின் நடுவில் என் விரல் நின்றுவிட்டது. பேஸ் நிற்கவில்லை.

கேம்பல் லேனில் பொங்கல் மேடை. நாற்காலிகள் நிறைந்து, இடம் கிடைக்காதவர்கள் சிராங்கூன் ரோடு முனை வரை நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டாவது சரணத்தில் என் இடக்கை மோதிர விரல் கம்பியின் மேல் மடங்கியது, மடங்கியபடியே பூட்டிக்கொண்டது. கிதாரிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துவிட்டேன்.

பெரிய ஸ்பீக்கர்களிலிருந்து பேஸ் தன் பாட்டுக்கு வந்துகொண்டேயிருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

இருபத்திரண்டு வருடமாக பேஸ் கிதார் வாசிக்கிறேன். எனக்கென்று சில கொள்கைகள் உண்டு. எங்கள் குழுவில் எல்லோருக்கும் அவற்றைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பேஸுக்கு நாலு கம்பி போதும், ஐந்தாவது கம்பி கடைக்காரர் பிழைப்பதற்காக. விரலை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக் பிக் வைத்து வாசிப்பவன் பேஸ்காரன் அல்ல, வழி தவறி வந்த கிதார்காரன். கம்பி தானாக அறும்வரை அதை மாற்றக் கூடாது. மேடைச் சத்தத்தைக் கேட்கக் காதில் மானிட்டரைச் செருகிக்கொண்டு வாசிப்பது, மழைக்கோட்டு போட்டுக்கொண்டு குளிப்பது மாதிரி.

எல்லோரும் செருகிக்கொண்டார்கள். நான் மட்டும் முதுகுக்குப் பின்னால் என் பழைய ஆம்ப்ளிஃபயரை வைத்து, அதில் வரும் என் சத்தத்தைத்தான் கேட்பேன்.

இன்னொன்றும் சொல்வேன், சற்றுக் கர்வமாகவே சொல்வேன். பேஸ் இருக்கும்வரை யாருக்கும் தெரியாது, நின்றால்தான் தெரியும்.

இதோ நின்றுவிட்டது. முன்வரிசையில் ஒரு பெண்மணி தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். போட்டுக்கொண்டே இருந்தார்.

முதலில் திலீப்பைச் சந்தேகப்பட்டேன். கீபோர்டுக்காரர்களின் இடக்கை சும்மா இருக்காது, பேஸையும் வாசித்துவிடும். ஆனால் அவன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் கூட்டத்தைக் கைதட்ட வைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவனுடைய லேப்டாப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பதிவுசெய்த வயலின்களும் புல்லாங்குழலும் அதிலிருந்துதான் வரும். அதை நான் ஆட்சேபித்ததே இல்லை. நாற்பது வயலினுக்கு நாங்கள் எங்கே போவது?

பேஸுக்குத்தான் நான் இருக்கிறேனே.

பாடிக்கொண்டிருந்தது சிவகாமசுந்தரி, என் மனைவி. மேடையின் முன்பக்கம் எனக்கு முதுகைக் காட்டி நின்றவள், பாதி வரியில் ஒரு சொல்லை விழுங்கினாள். திரும்பி என்னைப் பார்க்கவில்லை. நேரே எதிரிலிருந்த சவுண்ட் மேசையைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியும் என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

மீதிப் பாட்டு முழுக்கக் கிதாரைச் சும்மா பிடித்துக்கொண்டு நின்றேன். பாட்டு பிரமாதமாக முடிந்தது. நல்ல கைதட்டல்.

அறிவிப்பாளர் வந்து லக்கி டிரா எண்களை வாசிக்க ஆரம்பித்தார். நான் பின்படி வழியாக இறங்கி, கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு சவுண்ட் கூடாரத்துக்குப் போனேன். ரக்ஷனா இரண்டு வருடமாக எங்களுக்கு சவுண்ட் பார்க்கிறாள். என் முகத்தைப் பார்த்ததும் ஹெட்போனைக் கழற்றிவிட்டாள்.

"எப்பலேர்ந்து?" என்றேன்.

பொய் சொல்லத் தெரியாத பெண். "ஜூன்லேர்ந்து அண்ணே. உங்க விரல் ஸ்டக் ஆகுது, ஃபாஸ்ட் சாங்ஸ்ல லேட்டா விழுது. எல்லாருக்கும் தெரியும் லா. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

எல்லாருக்கும் தெரியும். விரலைக் காட்டப் பாலிகிளினிக்குக்குக்கூட யாருக்கும் தெரியாமல் போய்வந்தவன் நான்.

ஜூனிலிருந்து எத்தனை மேடை, எத்தனை கல்யாணம். எல்லாவற்றிலும் சட்டை நனைய நனைய, கடைவாசல் பொம்மை போல ஆடிக்கொண்டு நின்றிருக்கிறேன். பூமி பிளந்து என்னை விழுங்கிவிட்டால் தேவலை என்று இருந்தது.

அதைவிடப் பெரிய ஆத்திரம் வேறு. ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும், சுவா சூ காங்கிலுள்ள வீட்டுக்குத் திரும்பும் காரில், சிவகாமசுந்தரி என் வாசிப்பைப் பற்றிப் பேசுவாள். பொதுவாகச் சொல்ல மாட்டாள். மூன்றாவது பாட்டில் இந்த இடம், அனுபல்லவி முடிகிற அந்த இறக்கம் என்று விவரமாகச் சொல்வாள். நானும் உச்சி குளிர்ந்து போவேன். யாருமே கேட்காத வாசிப்புக்கு இவ்வளவு விவரமாகவா ஒரு பொய்?

"அவதான் எடுக்கச் சொன்னாளா?"

"ஸ்பீக்கருக்கு வேணாம்னு அக்காதான் சொன்னாங்க." ரக்ஷனா மேசையில் என் பெயர் ஒட்டியிருந்த வரிசையைக் காட்டினாள். எல்லாப் பொத்தான்களும் இறக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒன்று மட்டும் மேலே ஏறியிருந்தது. "முழுசா கட் பண்ணல அண்ணே. அக்கா காதுக்கு மட்டும் போகுது. லேப்டாப் டிராக்ல உள்ள பேஸ் அவங்களுக்கு வேணாமாம். லேட்டா விழுந்தாலும் பரவாயில்ல, உங்களுதுதான் வேணுமாம்."

மேடைப் பக்கம் திரும்பினேன்.

மேடையில் யாரோ ஒருவர் அரிசி குக்கரைப் பரிசாக வாங்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சிவகாமசுந்தரி, காதிலிருந்த மானிட்டரைக் கழற்றி வாயால் ஊதினாள். முந்தானையில் துடைத்தாள். மறுபடி செருகிக்கொண்டாள். கூடாரத்தின் இருட்டில் நான் நிற்பது அவளுக்குத் தெரியவில்லை.

ரக்ஷனாவைப் பார்த்துக் காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள். உதடுகள் மட்டும் அசைந்தன.

"பேஸ் வரல."