இவ ஆர்?

"இவ ஆர்? இவவை வெளியாலை போகச் சொல்லு."

வேரோனிக்கா பார்த்தது தன் மகள் அன்ரனெற்றை. சொன்னது சாம்பவியிடம். காலையிலிருந்து சாம்பவியின் கையைத்தான் "அன்ரனெற், என்ரை பிள்ளை" என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சாம்பவி மூன்று மாதமாகச் செவ்வாய்க்கிழமைகளில் வருகிற தொண்டர். சாகக் கிடப்பவர்களுக்குப் பக்கத்தில் இருப்பது, வீட்டுக்காரரைக் கொஞ்சம் குளிக்கவும் தூங்கவும் விடுவது, அவ்வளவுதான் வேலை. ஆள் மாறிக் கூப்பிட்டால் திருத்த வேண்டாம் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அந்த ஆளே பக்கத்தில் நின்றால் என்ன செய்வது என்று சொல்லவில்லை.

அன்ரனெற் ஒன்பது வருடமாக அம்மாவைப் பார்க்கிறாள். ரூஜ் புறநகரில் அந்த வீட்டு முன்னறையில் சோபாவை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலைப் போட்டவள் அவள். பீயும் மூத்திரமும் அள்ளியவள். இத்தனை வருடத்தில் அம்மா ஒருநாளும் தன்னை "என்ரை பிள்ளை" என்று கூப்பிட்டதில்லை என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள்.

இப்போது அந்தச் சொல்லைக் காதால் கேட்டாள். இன்னொருத்தியைப் பார்த்துச் சொன்னதாக.

வேரோனிக்கா கட்டில் கம்பியைப் பிடித்து உலுக்கினாள். மூச்சு இழுத்தது. இன்றையைத் தாண்டமாட்டா, மனதைக் குழப்ப வேண்டாம் என்று காலையில் நேர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

அன்ரனெற் சாம்பவியைப் பார்த்துத் தலையசைத்தாள். ஜக்கெற்றை மாட்டிக்கொண்டு வெளியே போய், டிரைவ்வேயில் நின்ற காருக்குள் ஏறி இருந்தாள். பெப்ரவரிக் குளிர். எஞ்சினைக்கூடப் போடவில்லை.

இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

சாம்பவி போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினாள். முகத்தைப் பார்த்தே அன்ரனெற்றுக்கு விளங்கியது. அழவில்லை. அம்மா ஏதாவது சொன்னாவா என்று மட்டும் கேட்டாள்.

ஒன்றும் சொல்லவில்லை, நித்திரையிலேயே போய்விட்டா என்றாள் சாம்பவி.

"பரவாயில்லை. பஸ்ரியன் அண்ணா செத்தது தெரியாமலே போட்டா. எனக்கு அது காணும்."

பாரிசில் இருந்த அண்ணன் போன வருடம் மாரடைப்பில் செத்ததையும், அம்மா தாங்கமாட்டா என்று மறைத்ததையும், ஒவ்வொரு ஞாயிறும் "அண்ணா போன் எடுத்தவர், நீங்கள் நித்திரை" என்று பொய் சொன்னதையும் அவள் சொல்லி முடிக்கும்வரை சாம்பவி குளிரில் நின்றாள். ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்கு முன், மகள் வெளியே போய்க் கதவு சாத்துப்பட்டதுமே வேரோனிக்கா கம்பியை உலுக்குவதை நிறுத்தியிருந்தாள். சாம்பவியின் கையை விட்டாள். கண் தெளிவாக இருந்தது.

"நீங்கள் செவ்வாய்க்கிழமை வாற தங்கச்சி, எனக்குத் தெரியும். என்ரை மூத்தவன் செத்ததும் தெரியும். கோயிலாலை வாற மனுசி வாய் தவறிச் சொல்லிப்போட்டுது. இவள் ஒரு வருஷம் எனக்கு நடிச்சவள். நான் ஒரு நாள் நடிச்சுக் காட்டினன்."

அன்ரனெற்றைக் கூப்பிடவா என்று சாம்பவி கேட்டாள்.

வேண்டாம் என்று தலையாட்டிய வேரோனிக்கா, மூச்சு நிற்கும்வரை யன்னலால் அந்தக் காரையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.