சின்ன மூக்குக்காரி

கொல்லைப்புறத்தில் நின்று வில்லியனூர் பத்தரிடம் போனில் குசுகுசுத்துக்கொண்டிருந்தான் பக்கிரி. அவன் மனைவி அஞ்சலாட்சி கதவோரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"வளையம் வேணாம் பத்தரே, புடிச்சி இழுத்துக்கும். கல்லு வெச்சதும் வேணாம், தூங்கறப்ப குத்தும். மூக்கு ரொம்ப சின்னது. தங்கத்துல பொட்டு மாதிரி இருந்தா போதும். எங்க வூட்டுல தெரிய வேணாம்."

அஞ்சலாட்சி மூக்கே குத்தியதில்லை. அப்படியென்றால் அந்தச் சின்ன மூக்குக்காரி யார்? அவள் தூங்குகிற அழகுகூட இவனுக்குத் தெரிந்திருக்கிறதே! பாகூரில் அம்மா வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தது தப்பாகப் போயிற்று.

மத்தியானம் சோறு போடும்போதும் அவனையே முறைத்தாள்.

"இன்னா அப்புடிப் பாக்கற?"

"ஒண்ணுமில்ல" என்று குழம்பை அவன் கைமேலேயே ஊற்றினாள்.

சாயங்காலம் அவன் வண்டியை நிறுத்தியதும் சட்டைப்பையில் கைவிட்டு மூக்குத்தியை எடுத்துவிட்டாள்.

"யாருக்கு இது? சொல்றியா, ஊரக் கூட்டவா?"

பக்கிரி உள்ளே போய்த் தூளியை விலக்கினான். மகன் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான்.

"மொத ரெண்டு புள்ளயும் தங்கல. இவனுக்காவது மூக்கு குத்திடலாம்னு… நீ திட்டுவன்னுதான் சொல்லல. எனக்கு முன்ன பொறந்ததுங்களும் தங்கலன்னு எங்கம்மா எனக்கு இப்புடித்தான் மூக்கு குத்தி, பக்கிரின்னு பேரு வெச்சிது."

அஞ்சலாட்சி அவன் மூக்கிலிருந்த பழைய தழும்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"வலிக்குமாய்யா?"

"எனக்கு நெனப்பில்ல. ஆனா, இருக்கறன் பாரு."