காரிடம் ஒரு கேள்வி

மைசூரில் வாங்கிய பழைய காரைத் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்ற, தேவசகாயம் தன் அம்மாவோடு ஆர்.டி.ஓ. அலுவலகம் போனான். அங்கே இப்போதெல்லாம் காரையே விசாரிக்கிறார்கள்.

"உன்னை எதுக்கு வாங்கினார்?" என்று காரிடம் கேட்டார் ஆய்வாளர்.

"அவங்க அம்மாவுக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னு அழுதார். மனசு கேக்காம என் பழைய ஓனரம்மா பாதி விலைக்கே கொடுத்துட்டாங்க" என்றது கார்.

பின்சீட்டில் முறுக்குத் தின்றுகொண்டிருந்த அம்மா மெல்லுவதை நிறுத்தினாள்.

"நீங்கதானாம்மா அது?" என்று ஆய்வாளர் அவளிடம் கேட்டார்.

தேவசகாயத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. அவன் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"ஆமாங்கய்யா, நான்தான்" என்றாள், முறுக்கை முந்தானையில் மறைத்தபடி.

பதிவு முடிந்தது. திரும்பும் வழியில், "ஏசியைக் குறைக்கட்டுமாம்மா?" என்று கார் பரிவோடு கேட்டது. கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் துணிவு வரவில்லை.