செப்புத் தகட்டில் கிரிவலம்

வேங்கிக்கால் வீட்டு மாடியில், செப்புத் தகட்டின் மேலிருந்து ஈரத்தாளை வேதா மெல்ல உரித்தெடுக்கிறாள். டச்சு நிலக்காட்சி ஓவியங்களைப் பார்த்து வரைந்து பழகிய கை. மூன்று மாதம் ஊசியால் கீறி, அமிலத்தில் ஊறவைத்த கிரிவலம். ஜன்னல் வெளிச்சத்தில் மை மினுங்குகிறது: பெரிய வானம், மலை, அடிவாரத்தில் எறும்புச்சாரையாய்ச் சனம். அச்சுச் சக்கரத்தைச் சுற்றிய கணவன் பாலாஜி எட்டிப் பார்க்கிறான். “இன்னா வேதா இது? மலை எல்லாருக்கும் இடதுகைப் பக்கமா இருக்குது! பொணத்தச் சுத்துற மாதிரி போறாங்களே!” அவள் தகட்டைக் குனிந்து பார்க்கிறாள். அதில் வலமாகத்தான் போகிறார்கள். அச்சில் இடவலம் மாறி, தாளில் அத்தனை பேரும் திரும்பிவிட்டார்கள். தாளின் மூலையில், கண்ணாடியில் பார்த்துப் பார்த்து இடவலம் மாற்றிக் கீறிய அவள் பெயர் மட்டும் நேராக இருக்கிறது.