வோலாவில் மாலை ஐந்து மணி

ஆகஸ்ட் முதல் தேதி வெயில் நகரின் வோலா பகுதியில் பழைய செங்கல் சுவரில் சாய்ந்து விழுகிறது. குண்டு துளைத்த குழிகளில் மட்டும் நிழல் தங்கியிருக்கிறது. கார்கிவ் நகரின் போரிலிருந்து எல்லை தாண்டி இந்த அண்டை நாட்டுக்குத் தப்பி வந்த சொரியானா, மகள் மிலானாவின் கையை இறுகப் பிடித்திருக்கிறாள். சைரன் கேட்டாலே குழந்தை கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்வாள். அறைக்குள் இருந்தால் பயம் கூடும் என்று பக்கத்து வீட்டு தெக்லாதான் இருவரையும் தெருவுக்கு அழைத்து வந்திருக்கிறாள்.

"இப்ப அஞ்சு மணிக்கு ஊதப்போறது குண்டு போடுற சைரன் இல்ல கண்ணு. ரெண்டாம் உலகப் போர் காலத்துல இதே நாள், இதே நேரத்துலதான் எங்க ஜனங்க ஜெர்மன்காரனை எதிர்த்துக் கிளம்பினாங்க. அதான் ஊரே ஒரு நிமிஷம் அசையாம நிக்கும். எங்க வீட்டுக்காரரே வாயை மூடிட்டு நிப்பாருன்னா பாத்துக்கோ!"

மிலானா சிரிக்கும்போதே சைரன் அலறுகிறது. டிராம் நிற்கிறது, ஓட்டுநர் இறங்கித் தொப்பியைக் கழற்றுகிறார். அடுத்த நொடி சொரியானா சுவரோரம் குந்தி, தலையைக் கைகளால் மூடியிருக்கிறாள். சின்ன விரல்கள் அந்தக் கைகளை மெல்ல விலக்குகின்றன.

"எந்திரிம்மா. பாரு, யாருமே ஓடல."

சைரன் ஓயவில்லை. சொரியானா மகளின் தோளைப் பற்றி எழுந்து, ஊரோடு ஊராக நிற்கிறாள்.